தொப்பூர் இறக்கத்துக்கு நாலு டயர்

சேலத்திலிருந்து போன் வந்தபோது உத்தமன் ஆபீஸ் கேன்டீனில் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தான். எண்ணைப் பார்த்ததும் தட்டைக் கிடைத்த மேஜையில் வைத்துவிட்டு வெளியே ஓடினான்.

"சார், இல்லத்துலருந்து பேசறேன். உங்க பேப்பர் எல்லாம் முடிஞ்சிருச்சு. நாளைக்குக் காலையில வந்து பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"நாளைக்கா? அடுத்த வாரம்னு சொன்னீங்களேம்மா?"

"அடுத்த வாரம் எங்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு சார். நாளைக்கு விட்டா தள்ளிப் போயிரும். வர்றீங்கதானே?"

"வர்றோம்மா, வர்றோம்மா," என்று இரண்டு தடவை சொன்னான். போனை வைத்த பிறகும் ஒரு தடவை சொன்னான். பக்கத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த செக்யூரிட்டி அவனைத் திரும்பிப் பார்த்தார்.

உடனே சிந்துவைக் கூப்பிட்டான். மல்லேஸ்வரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை அவளுக்கு. என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் கூப்பிட்டான். அவள் ஹலோ சொன்னதும் அவன் வாயில் வந்தது இவ்வளவுதான்:

"சிந்து, இன்னிக்கே டயர் மாத்தணும்."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படுவது கேட்டது.

"நாளைக்கா?" என்றாள் சிந்து. குரல் பாதி கிசுகிசுப்பாகவும் பாதி அலறலாகவும் இருந்தது. "உத்தம், நாளைக்கா?"

"நாளைக்குத்தான்."

"அய்யோ!" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. அவளுக்குமே புரிந்திருக்காது.

டயர் என்றதும் அவளுக்கு விஷயம் புரிந்ததற்குக் காரணம் இருக்கிறது. சென்ற மாதம் இருவரும் பஸ்ஸில் சேலம் போய், குழந்தைகள் இல்லத்தில் பொன்னியை முதல் முறை பார்த்தார்கள். மூன்று வயதுப் பெண். ஆயாம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு கண்ணால் மட்டும் இவர்களைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது சிந்துவின் செருப்பை மட்டும் குனிந்து தொட்டுப் பார்த்தாள். ஊர் திரும்பிய மறுநாள் உத்தமன் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டினான். அவர் நான்கு சக்கரங்களையும் உதைத்துப் பார்த்து, "பட்டனே இல்ல சார், மொட்டை அடிச்ச மாதிரி இருக்கு. ஓரமெல்லாம் வெடிப்பு வேற. ஊருக்குள்ள ஓட்டுங்க, ஹைவே போயிடாதீங்க," என்றார்.

அன்றிலிருந்து உத்தமன் டயர் பைத்தியம் ஆனான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவில் டயர். பல் தேய்க்கும்போது டயர். முன்பின் தெரியாத ஆட்கள் கேரளாவில் எங்கோ மழையில் வண்டியை ஓட்டி எடுத்த வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீ இவ்ளோ யோசிக்கலியே," என்றாள் சிந்து. அவள் கேலி செய்தாலும் தடுக்கவில்லை. அவன் ஏன் இப்படிச் செய்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு அழைப்பு வந்திருந்தது. அப்போது ஒரு கைக்குழந்தை, பையன். ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். ஆம்பூரிலிருந்து அவன் அக்கா தொட்டில் வாங்கி அனுப்பினாள். சிந்துவின் தங்கை அனுஷா ஒரு சுவர் முழுக்கப் பச்சைக் கிளி வரைந்துவிட்டுப் போனாள். கடைசி நேரத்தில் பெற்றவளின் குடும்பமே மனம் மாறி வந்து குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அந்தக் குழந்தைக்கு அதுதான் நல்லது என்று இருவரும் எல்லாரிடமும் சொன்னார்கள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு அதைச் சொல்லி முடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. அதனால் இந்த முறை குழந்தை வண்டியில் ஏறும்வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு. தொட்டில் இல்லை, பொம்மை இல்லை, ஒரு சின்ன கவுன்கூட வாங்கவில்லை. எதையும் வாங்கக் கூடாது என்ற வீட்டில், டயரைப் பற்றி மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அது வண்டிக்குத்தானே?

மத்தியானமே இருவரும் லீவு சொல்லிவிட்டு அடுகோடியில் ஒரு டயர் கடை வாசலில் நின்றார்கள். கடையை நடத்துபவர் லீனா. காக்ஸ் டவுன்காரர், ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் எப்போதும் ஒரு துணி. ஷட்டருக்கு மேலே வரை டயர்கள் அடுக்கியிருந்தன. புது ரப்பர் வாசனை தெரு முனைவரை அடித்தது. உத்தமன் அதை மூச்சு நிறைய இழுத்தான்.

"சொல்லுங்க சார், என்ன பாக்கறீங்க?"

உத்தமன் மனப்பாடமாக ஒப்பித்தான். அளவு, வேகம், எடை தாங்கும் திறன், எந்தக் கம்பெனியில் எந்த ரகம். லீனா புருவத்தை உயர்த்தினார். "பேஷ், பாதி வேலை மிச்சம்," என்று சிரித்து, சுவரோரமாக மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

கடையில் வேலை பார்க்கும் சுனில் அதற்குள் நான்காவதாக ஒன்றை உருட்டி வந்தான். "சார், ஒரு சைஸ் அகலமா இதப் போடுங்க. லுக் சூப்பரா இருக்கும். பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பாப்பான்."

"வேணாம்பா," என்றான் உத்தமன். "ஸ்டியரிங் கனத்துப் போகும். வண்டிக்குக் கம்பெனி சொன்ன சைஸே போதும்."

"நான் சொல்லல?" என்றார் லீனா சுனிலிடம். "சார் படிச்சிட்டு வந்திருக்கார். ஓரமா வை."

உத்தமன் முதல் டயரைத் தடவிப் பார்த்தான். ஒரு மாதமாக அவன் மனதில் முதல் இடத்தில் இருந்த டயர் அதுதான். கெட்டி ரப்பர், எளிதில் தேயாது, எத்தனை வருஷம் ஓட்டினாலும் அசையாது என்று பெயர். "இதான்," என்று அவன் வாயைத் திறக்கும்போது லீனா வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"வண்டி சிட்டிக்குள்ளயே ஓடுமா, வெளியூரும் போவீங்களா? பின்னாடி யாரு உக்காருவாங்க, பெரியவங்களா?"

"வெளியூர் போவோம். நாளைக்கே சேலம் போறோம். பின்னாடி..."

சிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"பின்னாடி எங்க பொண்ணு உக்காருவா," என்றான்.

"எவ்ளோ பெரிய பொண்ணு?"

"மூணு வயசு. பேரு பொன்னி. இன்னும் வீட்டுக்கு வரல. நாளைக்குத்தான் கூட்டிட்டு வரப் போறோம். தத்து எடுத்திருக்கோம் மேடம். தொப்பூர் இறக்கத்துல மழை பெஞ்சா வண்டி வழுக்கும்னு சொல்றாங்க. அதான் டயரு..."

லீனா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். சுனில் அகல டயரை அணைத்தபடியே நின்றுவிட்டான். சிந்து உத்தமனின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"கூடப் பொறந்தவகிட்டகூட நான் சொல்லல! நீ டயர் கடையில சொல்லிட்டியா?"

"வாய்ல வந்துருச்சு சிந்து!"

"ஒரு மாசமா வாயைத் தைச்சு வச்சிருக்கேன். எத்தனை தடவை போன்ல அவ 'என்னக்கா விசேஷம், குரலே சரியில்ல'ன்னு கேட்டா தெரியுமா?" திட்டிக்கொண்டே இருந்தவள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாமல் அடுக்கியிருந்த டயர்கள் மேல் சாய்ந்து சிரித்தாள். லீனா வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "காட் பிளஸ் யூ மா. நல்லா இருங்க. முதல்ல உங்க தங்கச்சிக்குப் போன் போடுங்க. டயர் எங்கயும் ஓடிப் போகாது."

சிந்து போன் போட்டாள். அனுஷா போட்ட கூச்சல் ஸ்பீக்கர் இல்லாமலேயே கடை முழுக்கக் கேட்டது. அப்புறம், "கார்ல குழந்தைக்கு சீட் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டயரில் எத்தனை கோடுகள் என்று தெரிந்து வைத்திருந்த உத்தமனுக்கு அது நினைவிலேயே இல்லை. "அது என் வேலை! அங்கயே இருங்க!" என்று அனுஷா போனை வைத்துவிட்டாள்.

"சரி, இப்ப வேலையப் பாக்கலாம்," என்று சிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு டயர்களின் முன்னால் வந்து நின்றாள். "உத்தம், நீ எல்லாத்தையும் படிச்சிருக்க. ஒரே ஒரு கேள்வி. மழையில பிரேக் போட்டா இந்த மூணுல எது சீக்கிரம் நிக்கும்?"

உத்தமனுக்குப் பதில் தெரியும். அவன் கை நடு டயரின் மேல் போனது. "இதுதான். ரப்பர் கொஞ்சம் மெது. ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். ஆனா சீக்கிரம் தேஞ்சிரும்னு நான் இதை மூணாவது எடத்துல வச்சிருந்தேன்."

"தேயட்டுமே."

"தேயட்டும்," என்றான் அவனும். ஒரு மாதத்து ஆராய்ச்சி ஒரு நொடியில் தலைகீழானது. அதில் அவனுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. உள்ளே ஏதோ திறந்துகொண்டு காற்று வந்த மாதிரி இருந்தது. "நாலையும் இதே போடுங்க மேடம்!"

வண்டியை ஜாக்கியில் தூக்கினார்கள். பழைய டயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. ஒன்றின் உள்பக்கம் நூல் தெரிந்தது. அதைப் பார்த்து சிந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். புதியவை வந்ததும் உத்தமன் போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் முன்னால் மண்டியிட்டான். டயரின் பக்கவாட்டில், அது எந்த வாரம், எந்த வருஷம் தயாரானது என்று சின்ன எண்ணில் அச்சடித்திருக்கும். மூன்று டயர்கள் இந்த வருஷத்தவை. நான்காவது?

"மேடம், இது பழசு. மூணு வருஷமாச்சு."

லீனா குனிந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "அடக் கடவுளே, ஆமா சார். இது எப்படி இதுக்குள்ள கலந்துச்சு? சாரி சார், நான் பாத்திருக்கணும். இத உங்க வண்டில ஏத்த மாட்டேன்." குடோனுக்குப் போன் செய்தார். இல்லை. இன்னொரு கடைக்குப் போன் செய்தார். இல்லை. வண்டி மூன்று காலில் நிற்கிறது. வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. மூன்றாவது போனில் லீனா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஜே.சி. ரோட்ல ஒண்ணு இருக்கு! இந்த மாசம் வந்த ஸ்டாக்காம். சுனில், பேக ஹோகி பா!" சீக்கிரம் போய்விட்டு வா என்று அவனைக் கன்னடத்தில் விரட்டினார்.

சுனில் ஸ்கூட்டரில் சீறிக்கொண்டு போனான். அவன் போன கையோடு மழை பிடித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஓசூர் ரோட்டில் வண்டிகள் ஊர ஆரம்பித்துவிட்டன. உத்தமன் வாசலுக்கும் வண்டிக்குமாக நடந்தான். லீனா டீ வரவழைத்தார். சிந்து ஸ்டூலில் உட்கார்ந்து, வீட்டுக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள்: பால், பிஸ்கட், சின்ன டம்ளர், சின்னச் சீப்பு. பயந்து பயந்து இத்தனை நாள் வாயில் வராத பெயர்கள் எல்லாம் வரிசை கட்டி வந்தன.

முதலில் வந்து சேர்ந்தது அனுஷா. ஆட்டோவிலிருந்து, தன்னைவிடப் பெரிய அட்டைப் பெட்டியோடு இறங்கினாள். அக்காவைக் கட்டிக்கொண்டு மழையிலேயே நின்று குதித்தாள். அவள் பின்னாலேயே ஹார்ன் அடித்துக்கொண்டு சுனில் வந்தான். தொப்பலாக நனைந்திருந்தான், கால் வைக்கும் இடத்தில் டயரை நிறுத்தி இரண்டு முழங்காலாலும் இறுக்கிக்கொண்டிருந்தான். கடையில் எல்லாரும் கை தட்டினார்கள். உத்தமன் அந்த டயரின் எண்ணைப் பார்த்தான். போன மாதம் பிறந்த டயர்.

அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. சுனில் சக்கரத்தை மாட்டினான். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று லீனா அலைன்மென்ட் பார்த்தார். அனுஷாவும் சிந்துவும் பின் சீட்டில் முட்டி மோதிக்கொண்டு குழந்தை இருக்கையின் பட்டையை எந்தப் பக்கம் நுழைப்பது என்று சண்டை போட்டார்கள். கிளம்பும்போது லீனா ஜன்னலில் குனிந்தார். "புது டயரு சார். ஆரம்பத்துல கொஞ்சம் நிதானமா போங்க, அப்புறம் நல்லாப் பிடிக்கும். பாப்பாவை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் விடியும்போது ஓசூரைத் தாண்டியிருந்தார்கள். உத்தமன் இடது ஓரமாக, கல்யாண ஊர்வலம் போல ஓட்டினான். பால் வண்டிகூட அவனை முந்திக்கொண்டு போனது.

"உத்தம், இப்படிப் போனா பொன்னி பத்தாவது முடிச்சிருவா," என்றாள் சிந்து.

"மேடம் நிதானமா போகச் சொன்னாங்க இல்ல?"

கிருஷ்ணகிரி தாண்டியதும் வேகம் பிடித்தான். வண்டி முன்பு போல அதிரவில்லை, ஆடவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்தாலே போகும் போல இருந்தது. தர்மபுரியில் இட்லி சாப்பிட உட்கார்ந்தார்கள்; இருவருக்குமே இறங்கவில்லை. எழுந்து ஓடிவந்துவிட்டார்கள்.

தொப்பூர் இறக்கம் தொடங்கும்போது வானம் கொட்டியது. முன்னால் போன லாரிகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. ஒரு வளைவு திரும்பியதும் எதிரே வரிசையாக வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. உத்தமன் பிரேக்கை மிதித்தான். வண்டி வழுக்கவில்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நேர்க்கோட்டில் இழுத்துப் பிடித்து, முன்னால் இருந்த லாரிக்கு நிறைய இடம் விட்டு நின்றது. சிந்து அவன் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், நகம் பதிந்திருந்தது.

"நின்னுருச்சு," என்றாள்.

"நின்னுருச்சு!" என்று அவன் கத்தினான். இருவரும் பைத்தியக்காரர்கள் போலச் சிரித்தார்கள்.

சேலத்தில் மழை விட்டு வெயில் அடித்தது. இல்லத்தில் கையெழுத்துகள் எல்லாம் போட்டு முடித்ததும் ஆயாம்மா பொன்னியை அழைத்து வந்தார். மஞ்சள் கவுன், இரட்டைக் குடுமி, கையில் ஒரு துணிப்பை. சிந்து முட்டி போட்டு இரண்டு கையையும் நீட்டினாள். பொன்னி வரவில்லை. உத்தமன் கூப்பிட்டான். ஆயாம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் அம்மா, "கொஞ்ச நேரம் ஆகும் சார், பதறாதீங்க," என்றார். உத்தமன் தலையாட்டினான். ஆனால் நேற்று மதியத்திலிருந்து பொங்கிக்கொண்டிருந்தது எல்லாம் ஒரு கணம் அப்படியே நின்றுபோனது. இவள் வர மாட்டேன் என்று அழுதால்? இவளை அழ வைத்தா கூட்டிக்கொண்டு போவது?

"வண்டி பாக்கலாமா கண்ணு?" என்று ஆயாம்மா அவளை வாசலுக்கு நடத்திக்கொண்டு போனார். இவர்கள் இருவரும் தள்ளியே பின்னால் போனார்கள்.

பொன்னி வண்டியைச் சுற்றி வந்தாள். முன் சக்கரத்துக்கு எதிரே சட்டென்று குந்தி உட்கார்ந்தாள். புது டயரின் ஓரமெல்லாம் மெல்லிய ரப்பர் இழைகள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு விரலால் தொட்டாள். அது வளைந்து திரும்ப நிமிர்ந்தது. மறுபடி தொட்டாள். பிறகு தலையைத் திருப்பி நேராக உத்தமனைப் பார்த்து, முதல் தடவையாகப் பேசினாள்.

"வண்டிக்கு முடி மொளச்சிருக்கு."

உத்தமன் மூச்சுகூட விடாமல் மெல்ல வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தினான். "ஆமா. நெறைய மொளச்சிருக்கு."

"யார் சீவி விடுவா?"

"நீதான் சீவி விடணும்."

அவள் யோசித்தாள். ஓர் இழையைப் பிடித்து இழுத்தாள். அது பட்டென்று கையோடு வந்துவிட்டது. தப்பு செய்துவிட்டோமோ என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. முன் சக்கரம் முடிந்து பின் சக்கரத்துக்குப் போனாள். சிந்துவும் வந்து மறுபக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிடுங்கிய இழைகளைப் பொன்னி சிந்துவின் உள்ளங்கையில் சேர்த்தாள். பிறகு இரண்டை எடுத்து உத்தமனின் மூக்குக்குக் கீழே வைத்து, "மீசை," என்று சொல்லிக் கெக்கலித்துச் சிரித்தாள். ஆயாம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு பின்னால் நகர்ந்து நின்றார்.

கடைசியில் அவளை யாரும் தூக்கி வைக்கவில்லை. தானே கதவைப் பிடித்து ஏறி, புது இருக்கையில் உட்கார்ந்து, பட்டை மாட்டும்வரை பொறுமையாக இருந்தாள். சிந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தபோது பொன்னி திரும்பி ஆயாம்மாவைப் பார்த்துக் கை ஆட்டினாள். தெரு முனையில் ஒரு நிமிஷம் உதடு பிதுங்கியது. சிந்து அவள் கையைப் பிடித்தாள், அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

ஓமலூர் தாண்டுவதற்குள் கேள்விகள் ஆரம்பித்தன. அந்த லாரி எங்க போவுது? மலைக்குள்ள யாரு இருக்கா? நீ ஏன் வண்டி ஓட்டற, அவங்க ஏன் ஓட்டல? அனுஷா வீடியோ காலில் வந்தாள். பொன்னி அவளுக்கு மலையைக் காட்டுகிறேன் என்று போனை ஜன்னலில் வைத்து அழுத்தினாள். உத்தமன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். இரண்டு தலைகளும் ஒரே ஜன்னலில் முட்டிக்கொண்டிருந்தன.

"வண்டிய நிறுத்து," என்று பின்னாலிருந்து கட்டளை வந்தது.

அவன் பதறி ஓரங்கட்டினான். "என்னம்மா, வயித்தப் பிரட்டுதா?"

"கொரங்கு," என்றாள் பொன்னி.

பாலத்துச் சுவரில் ஒரு குரங்குக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. மூவரும் இறங்காமலேயே, ஜன்னல் வழியாக, அவை எழுந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.